வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை: ஆறு ஆண்டுகளாக எதற்கு?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, அதனோடு சேர்த்து ‘வயிற்றுக்கு’ என்று பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார்கள். வலி மாத்திரை ஓராண்டிலேயே நின்றுவிட்டது. வயிற்று மாத்திரை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. முதலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கினார். இப்போது சீட்டும் தேவைப்படுவதில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே மருந்துக்கடையில் அட்டையை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

காலையில் காபி குடித்து, இட்லி சாப்பிட்டு, பிறகு சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இதையும் விழுங்குகிறார். இருந்தும் மாலையானால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வந்துவிடுகின்றன. அதற்கு இளஞ்சிவப்பு நிற அமில முறிவு மருந்தை இரண்டு மூடி குடிக்கிறார். அட்டையின் மேல் ‘உணவுக்கு முன்’ என்று கடைக்காரர் எழுதித் தருவது உண்மையிலேயே ஒரு வேறுபாட்டை உண்டாக்குமா, அல்லது அது வெறும் சம்பிரதாயமா? ஒரு மாத்திரையை ஆறு ஆண்டுகள் சாப்பிடலாமா?

கோவை மருந்தாளுநர் எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு மருத்துவர் எவரேனும் வந்து சொல்வதே முறை.

இந்த மாத்திரை வயிற்றில் விழுந்து அங்கேயே வேலை செய்கிறது என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பான்டோபிரசோல், ஒமேபிரசோல், ரபேபிரசோல், ஈசோமேபிரசோல் ஆகிய அனைத்துமே அமிலம் பட்டால் சிதைந்துபோகும் பொருள்கள். அதனால்தான் அவற்றுக்கு அமிலத்தில் கரையாத மேலுறை இடுகிறார்கள். மாத்திரை இரைப்பையைக் கரையாமல் கடந்து, சிறுகுடலில் உறை கரைந்து, இரத்தத்தில் கலந்து, அந்த இரத்தத்தின் வழியாகத்தான் மறுபடியும் இரைப்பையின் சுவருக்கு வந்து சேர்கிறது. அங்கே அமிலம் சுரக்கும் செல்களில் புரதத்தால் ஆன நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. எந்த அமிலத்துக்கு அஞ்சி உறை போர்த்திக்கொண்டு வந்ததோ, அதே அமிலத்தால் அந்த இடத்தில் மருந்து உருமாறி, பம்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. செல் புதிய பம்புகளை உண்டாக்கும்போதுதான் அமிலம் பழைய அளவுக்குத் திரும்பும். இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே தங்கும் ஒரு மருந்து நாள் முழுவதும் பலன் தருவது இதனால்தான்.

ஆனால் ஓய்வில் இருக்கும் பம்போடு இந்த மருந்து ஒட்டாது. சுரந்துகொண்டிருக்கும் பம்போடுதான் ஒட்டும். பம்புகளை எழுப்பிவிடுவது உணவு. இரவு முழுவதும் வயிறு காய்ந்திருந்த பிறகு உண்ணும் காலை உணவுதான் அவற்றைப் பெரிய அளவில் எழுப்புகிறது. ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு மாத்திரையை விழுங்கினால், பம்புகள் விழிக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் நிறைந்து நிற்கும். உங்கள் தந்தை செய்வதுபோல் இட்லிக்குப் பின் விழுங்கினால், மாத்திரை உணவோடு இரைப்பையில் தங்கி, தாமதமாகக் குடலை அடைந்து, அது இரத்தத்தில் கலப்பதற்குள் பம்புகள் ஓய்வுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். மாலை நெஞ்செரிச்சலுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் திருத்த வேண்டியது இதுதான். காபியும் மாத்திரைக்குப் பிறகே வர வேண்டும்.

கரிசல்காட்டான் எழுதியது:

இவ்வளவு கணக்கு தேவையா என்று தெரியவில்லை. நான் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேஸ் பிடித்தால் மட்டும் இதே மாத்திரையை ஒன்று போடுகிறேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது.

கோவை மருந்தாளுநர் எழுதியது:

அரை மணி நேரத்தில் உங்களுக்குச் சரியானது பெரும்பாலும் தானாகவே சரியாகியிருக்கும், நண்பரே. பம்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை என்பதால் முதல் நாள் மாத்திரை அவற்றில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாள்கள் போட்டால்தான் முழுப் பலன் தெரியும். உடனடி நிவாரணத்துக்கு உரியவை அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்த அமில முறிவு மருந்துகள். அவை சுரப்பைத் தடுப்பதில்லை, ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தைச் சில நிமிடங்களில் முறிக்கின்றன. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி நேரத்திலேயே அவை இரைப்பையைவிட்டு வெளியேறிவிடும், உணவுக்குப் பின் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை ரானிடிடின், ஃபமோடிடின் போன்றவை. உடலில் உள்ள ஹிஸ்டமின், அமிலத்தைச் சுரக்கச் சொல்லிச் செல்லுக்கு அனுப்பும் செய்தியை இவை மறிக்கின்றன. இந்த வகையின் முன்னோடியான சிமெடிடினை உருவாக்கியதில் முதன்மையானவர் ஜேம்ஸ் பிளாக். 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான ரானிடிடின், அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற மாசு கலந்திருப்பது 2019இல் தெரியவந்த பிறகு, 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

‘கேஸ் மாத்திரை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றில் எதுவும் வாயுவைக் குறைப்பதற்கான மருந்து அன்று. அமில முறிவு மருந்துகளில் சேர்க்கப்படும் சிமெத்திகோன் மட்டுமே குமிழிகளின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சிறு குமிழிகளை ஒன்றாக்கி ஏப்பமாக வெளியேற்ற உதவுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர், அதிலும் சர்க்கரை நோயுள்ளவர், வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் ‘கேஸ்’ என்று வந்து நின்றால் நான் எந்த மாத்திரையும் கொடுப்பதில்லை, மாரடைப்பாக இருக்கலாம் என்பதால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிடுகிறேன். என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

குடல்நோய் மருத்துவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் ஒருவரைப் பரிசோதிக்க முடியாது. பொதுவாக மட்டுமே சொல்ல இயலும்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள், வீக்கத்தை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற உடற்பொருள்களைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைச் சுரக்கச் செய்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம். எனவே மூட்டு சுகமடையும் போது இரைப்பை தன் கவசத்தை இழக்கிறது. அறுபது வயதைக் கடந்தவருக்கு வலி மருந்தோடு அமிலத் தடுப்பு மருந்தைச் சேர்த்து எழுதியது சரியான மருத்துவமே. வலி மருந்து நின்ற அன்று இதன் தேவையும் முடிந்திருக்கலாம் என்று எவரும் சொல்லாததுதான் பிழை. சீட்டில் தொடங்கும் தேதியை எழுதும் நாங்கள் முடியும் தேதியை எழுதுவதில்லை. இதை என் துறையின் மீதான குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்று செய்திகள் தெரிய வேண்டும். அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினா? கால்களில் மரத்துப்போதல் அல்லது எரிச்சல் இருக்கிறதா? இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான சோதனை எப்போதாவது செய்யப்பட்டதா?

இவற்றைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உணவில் உள்ள பி12 வைட்டமின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலம் பல ஆண்டுகள் அடங்கியிருந்தால் பி12 குறையலாம், மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு அதைக் குறைக்கும். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். இரண்டையும் நெடுநாள் சாப்பிடுபவருக்குக் கால் மரத்துப்போனால், அதை ‘சர்க்கரையால் வந்தது’ என்று ஒதுக்கிவிடுவது எளிது.

பொருநைக்கரை எழுதியது:

மெட்ஃபார்மின்தான், பத்து ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். உள்ளங்கால் மரத்துப்போவதாக ஓராண்டாகச் சொல்கிறார். கிருமிச் சோதனை செய்ததில்லை. நெடுநாளாக மலச்சிக்கலும் உண்டு.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே எழுதுவதற்கு முன்பே, மாத்திரையைக் குறைக்கலாம் என்று எண்ணி, அம்மா அதைக் கத்தியால் இரண்டாக உடைத்து ஒரு வாரம் பாதியைக் கொடுத்தார்கள். பிறகு நான் அடியோடு நிறுத்தச் சொன்னேன். நான்காம் நாள் அப்பாவுக்கு நெஞ்சு அப்படி எரிந்தது, இரவு உட்கார்ந்தே தூங்கினார். ‘பார்த்தாயா, இது இல்லாமல் அவரால் இருக்க முடியாது’ என்று அம்மா மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

குடல்நோய் மருத்துவர் எழுதியது:

பலருடைய ஆறு ஆண்டுகள் பதினாறு ஆண்டுகளாக நீள்வது இந்த நான்காம் நாளால்தான்.

அமிலம் குறைந்துவிட்டதை உணரும் உடல், காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, அமிலத்தைக் கூட்டும்படி இரைப்பைக்கு ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. மருந்து இருக்கும்வரை அந்த ஆணை பலிப்பதில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினால், தேங்கிக் கிடந்த ஆணை முழுவதும் ஒரே நேரத்தில் நிறைவேறி, மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் கூடுதலாக அமிலம் சுரக்கும். நோயே இல்லாத ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு எட்டு வாரங்கள் ஈசோமேபிரசோல் கொடுத்து நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2009இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. நிறுத்திய பின் வந்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது 15 சதவீதமே. ஆகவே நிறுத்தியதும் எரிகிறது என்பது நோய் இருப்பதற்குச் சான்றாகாது. அந்த எரிச்சலை மருந்தின் விலகலே உண்டாக்கியிருக்கலாம்.

உங்கள் மருத்துவர் இசைந்தால் 40 மி.கி. மாத்திரையை 20 ஆக்கி, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தளர்த்தி நிறுத்தலாம். இடையில் எரிந்தால் அமில முறிவு மருந்தோ ஃபமோடிடினோ கைகொடுக்கும்.

கிருமிச் சோதனையையும் இதனோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். யூரியா கலந்த நீரைக் குடிக்கச் செய்து மூச்சுக்காற்றைச் சோதிக்கும் முறை எளியது. ஆனால் அமிலத் தடுப்பு மருந்து சாப்பிடும்போது கிருமி அடங்கிக் கிடப்பதால், இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால் மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்தே சோதிக்க வேண்டும். காரம் தின்றால் அல்சர் வரும் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளுமே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல் என்ற மருத்துவர் தம் சொல்லை எவரும் ஏற்காததால், 1984இல் அந்தக் கிருமி வளர்த்த நீரைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ராபின் வாரனும் அவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமி இருப்பது உறுதியானால், இரண்டு அல்லது மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளை அமிலத் தடுப்பு மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள்கள் கொடுக்கிறோம். அங்கே இதே மாத்திரைக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன.

கோவை மருந்தாளுநர் எழுதியது:

அம்மாவிடம் அன்போடு சொல்லுங்கள்: அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கத்தி பட்டதும் மேலுறை போய்விட்டது. அந்தப் பாதியின் பெரும்பங்கை அப்பாவின் அமிலமே அழித்திருக்கும். எனவே அவர் ‘குறைத்த’ வாரத்தில் உண்மையில் ஏறக்குறைய நிறுத்தியே இருந்திருக்கிறார். 20 மி.கி. தனி மாத்திரையாகவே கிடைக்கிறது.

இன்னொன்று. அவர் போடுவது தனிப் பான்டோபிரசோலா, டாம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையா என்று அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். டாம்பெரிடோன், இரைப்பை உணவைக் கீழே தள்ளும் வேகத்தைக் கூட்டும் மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால், 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் தரும்படி வரையறுத்தது. இங்கே அதுவே ஒரே மாத்திரைக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

தஞ்சை ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

இந்த விவாதத்தைப் படித்துவிட்டு எவரேனும் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறேன். இதே வயிற்று மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, எவரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். மூன்றாவது மாதம் தார்போல் கறுப்பாக மலம் போயிற்று. அது இரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எண்டோஸ்கோப்பி வழியாகப் புண்ணை அடைத்து, இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.

குடல்நோய் மருத்துவர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கு மிகவும் வேண்டியது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்ந்து சாப்பிடுபவர்கள், முன்பு புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவர்கள், உணவுக்குழாயின் உட்சுவர் அமிலத்தால் கடுமையாக அரிக்கப்பட்டுப் புண்ணானவர்கள் ஆகியோருக்கு நெடுநாள் மருந்து தேவைப்படும். அதனால் விளையும் நன்மை, கூடவே வரும் சிறு தீங்கைவிடப் பன்மடங்கு பெரியது. சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி உண்டாவது உண்மையே, ஆனால் அரிது. குளோபிடோகிரல் சாப்பிடுபவர்கள் ஒமேபிரசோலையும் ஈசோமேபிரசோலையும் தவிர்ப்பது நல்லது. குளோபிடோகிரலைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அவை தடுக்கின்றன. பான்டோபிரசோலில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

விளாத்திகுளம் விவசாயி எழுதியது:

மலச்சிக்கலைப் பற்றி எவரும் பேசவில்லையே. எங்கள் நிலத்தில் நிலாவாரை பயிரிடுகிறோம். அந்தப் பொடியை வெந்நீரில் இரவு குடிக்கச் சொல்லுங்கள். இலைதானே, மாத்திரையைப் போல் பின்விளைவு இருக்காது.

கோவை மருந்தாளுநர் எழுதியது:

ஐயா, உங்கள் இலை ‘டின்னவேலி சென்னா’ என்ற பெயரில் உலக மருந்துச் சந்தையில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. மருந்துக்கடையில் நான் விற்கும் சென்னா மாத்திரையும் அந்த இலையும் வேலை செய்யும் விதத்தில் ஒன்றே. இலையில் உள்ள சென்னோசைடுகளைச் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்த பிறகே அவை குடலின் நரம்புகளைத் தூண்டித் தசையை அசைக்கின்றன. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவதால்தான் நம் பாட்டிமார் அதை இரவில் கொடுத்தார்கள். இலையாக இருந்தாலும் அது மருந்துதான். அளவு மீறினால் வயிற்றை முறுக்கும், பேதியாகிப் பொட்டாசியம் இறங்கும்.

ஆனால் இவர் தந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த இளஞ்சிவப்பு மருந்தை. அதில் உள்ள அலுமினியம் மலத்தை இறுக்கும், மெக்னீசியம் இளக்கும். இரண்டையும் கலப்பதே ஒன்றை ஒன்று ஈடுகட்டத்தான், எனினும் எல்லோருடைய குடலிலும் அந்தக் கணக்கு சமமாக முடிவதில்லை. நாள்தோறும் தேவைப்படும் மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி நல்லது. அது நீரை உறிஞ்சிப் பருத்து மலத்துக்குப் பருமன் சேர்க்கிறது. அதனோடு முழு டம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் திரவம் பெருங்குடலுக்குள் நீரை இழுத்து வைத்து இளக்குவது. ஓரிரு நாள் பொறுக்க வேண்டும், வயிறு சற்று உப்பும்.

பொருநைக்கரை எழுதியது (மூன்று மாதங்களுக்குப் பிறகு):

வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தேடி எடுத்தேன். பி12 குறைவாகவே இருந்தது, ஊசி போட்டார்கள். கால் மரத்துப்போவது முழுவதும் மறையவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது என்கிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது டாம்பெரிடோன் இருந்தது. மருத்துவர் முதலில் அதைத்தான் எடுத்தார். பிறகு காபிக்கு முக்கால் மணி நேரம் முன்பு 20 மி.கி. என்று மாற்றியதும் மாலை எரிச்சல் பாதியாகிவிட்டது, ஆகவே முன், பின் என்பது சம்பிரதாயம் இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிய இரண்டாவது வாரம் கடினமாக இருந்தது. அது போய்விடும் என்று தெரிந்திருந்ததால் அம்மாவும் பொறுத்துக்கொண்டார்கள். நிறுத்தி இரண்டு வாரம் கழித்துச் செய்த மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை. இளஞ்சிவப்பு மருந்து வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறது, மலச்சிக்கலும் இசப்கோலோடு அடங்கியிருக்கிறது.

சென்ற வாரம் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போய் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்ததில் மூட்டுவலி திரும்பிவிட்டது. மருத்துவர் ஐந்து நாளுக்கு வலி மாத்திரை எழுதி, கூடவே பான்டோபிரசோலும் எழுதினார். எத்தனை நாளுக்கு என்று அப்பாவே கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஐந்து தாள்களை எண்ணிப் புரட்டி, ஐந்தாவது தாளில் ‘இரண்டும் இன்றோடு சரி’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.